மே மாதமும் கைத்தொலைபேசியும்

2024 மே 18 இரவு படுக்கப்போகும்போது, கைத்தொலைபேசியில் அன்றைய பாவனை நேரம் எவ்வளவு என்று பார்த்தேன். ஏழு மணித்தியாலம் நாற்பது நிமிடம். அதில் ஆட்களோடு கதைத்தது இருபது நிமிடம் வரும். மிச்சம் முழுவதும் முள்ளிவாய்க்கால். நினைவேந்தல் நேரலைகள், 2009இன் படங்கள், அந்தப் படங்களுக்குக் கீழே நடந்த சண்டைகள், சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காக அந்த வாரம் கைதுசெய்யப்பட்ட பெண்களைப் பற்றிய பதிவுகள், அதற்கும் கீழே சண்டைகள்.

அன்று நான் விசுவமடுவில் சித்தி வீட்டில் நின்றேன். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பஸ் எடுத்தால் முள்ளிவாய்க்காலுக்கு அதிக நேரம் எடுக்காது. நான் போகவில்லை. அன்றைய சமூக ஊடகப் பதிவுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை தருவதாக ஓர் ஊடகத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். சுயாதீனமாக எழுதிப் பிழைப்பவர்களுக்கு மே மாதத்தில்தான் வேலை கூட வரும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. சித்தியும் போகவில்லை, முழங்கால் வருத்தம். அவர் பக்கத்து அறையில் இருந்து தன்னுடைய போனில் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அறைகளிலிருந்தும் ஒரே அழுகுரல் சில செக்கன் வித்தியாசத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் சோறு ஆறிக் கிடந்தது. ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே துக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து முடித்தோம். ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் போன் பாவனையைக் குறைக்க வெளிக்கிட்டேன். குறைக்க வெளிக்கிட்டபோது, ‘போனை வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போங்கள்’ என்று மற்ற நாட்டுக்காரர் எழுதும் ஆலோசனைகள் எங்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதும் விளங்கியது. ஏன் பொருந்தாது, எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1998இல் எனக்கு எட்டு வயது. அப்போது எங்கள் வீட்டில் செய்தி கேட்பதென்றால் யாராவது பெடல் சுற்ற வேண்டும். வன்னிக்குள் பற்றரிக்குத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவின் வயரை ரேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவோம். இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. (அரசாங்கம் நாட்டின் நேரத்தை மாற்றியிருந்தது, வன்னியில் பழைய நேரம்தான்.) அரை மணித்தியாலம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் ரேடியோவின் குரல் இழுபடும். “விடாமல் சுத்தடா” என்று அப்பா சத்தம் போடுவார். செய்தி முடிந்ததும் சில்லு நிற்கும். பிறகு முற்றத்தில் கதை நடக்கும். எந்த இடத்தைச் சொன்னவங்கள், எத்தினை பேர் எண்டவங்கள், அது உண்மையோ. பயமான செய்திகள்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்து கேட்டோம், சேர்ந்து பயந்தோம், பிறகு படுத்தோம். அந்தக் காலத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. பற்றரிக்குத் தடை போட்ட காலம் எப்படி நல்ல காலமாக இருக்கும்? அந்தச் செய்திக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இந்த இரண்டும் இப்போது இல்லை.

முடிவு இல்லாமல் போனது தற்செயலாக நடந்ததல்ல. முன்பு இணையப் பக்கங்களுக்கு ஓர் அடி இருந்தது. அடிக்கு வந்ததும் ‘அடுத்த பக்கம்’ என்பதை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முன் ஒரு செக்கன் யோசிக்கலாம், நிறுத்தலாம். 2006ஆம் ஆண்டளவில் ஏசா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ளப் புதியவை தானாக வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். அதற்காகப் பின்னாளில் அவரே வருத்தம் தெரிவித்தார். பேஸ்புக் ‘லைக்’ பொத்தானைக் கொண்டுவந்தது 2009 பெப்ரவரி 9ஆம் திகதி. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது இந்தத் திகதியைக் கொப்பியில் எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுத முடியாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் திகதியில் நாங்கள் தேவிபுரத்தில் பங்கருக்குள் இருந்தோம்.

உங்கள் திரையில் அடுத்து எது வரவேண்டும் என்பதை நேரவரிசை தீர்மானிப்பதில்லை. நீங்கள் எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எதற்குப் பதில் எழுதினீர்கள், எதை மற்றவருக்கு அனுப்பினீர்கள் என்பதை வைத்து ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 2017 முதல் சில காலம் பேஸ்புக்கின் அந்தக் கணக்கில், கோப முகம் உட்பட முகக்குறி ஒன்றுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு பெறுமதி கொடுக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளியே வந்தபோது இது தெரியவந்தது. கோபம் வரவைக்கும் பதிவு கூடுதலான ஆட்களிடம் போய்ச் சேரும் என்பதே இதன் பொருள். இதனால் என்ன நடக்கும் என்று நாங்கள் அமெரிக்காவைப் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது வெறுப்புப் பதிவுகள் எப்படிப் பரவின என்று பார்த்தோம். அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. தன்னுடைய தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஒருவர் ஒரு படத்தில் ஏன் நின்றார் என்பது அதற்குத் தெரியாது. விருப்பத்தில் நின்றாரா, திகைத்து நின்றாரா, அழுதுகொண்டு நின்றாரா என்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான்.

என் சித்தியின் மகன் என்னைவிட ஒரு வயது இளையவன். 2009 மே 17 அன்று வட்டுவாகலில், சித்தியின் கண் முன்னால் இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியவன். அதற்குப் பிறகு தகவல் இல்லை. சித்தி யூரியூப்பில் போர்க்காலக் காணொளிகளைப் பார்ப்பது அவனைத் தேடித்தான். சனம் மூட்டைகளோடு வரிசையாக நடந்து வரும் காட்சி வந்தால் விரலால் நிறுத்துவார். பின்னுக்கு இழுப்பார். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு முகம் முகமாகப் பார்ப்பார். இதை யூரியூப் எப்படி விளங்கிக்கொள்ளும்? இந்தப் பாவனையாளருக்கு இந்தக் காட்சி நன்றாகப் பிடித்திருக்கிறது, மூன்று தரம் பார்த்திருக்கிறார், இன்னும் கொடு. கொடுத்தது. ஒரு கட்டத்தில் சித்தியின் திரையில் போரைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. சமையல் குறிப்புத் தேடினால்கூடப் பக்கத்தில் பிணங்கள். பிறகு இன்னொரு வகை வரத் தொடங்கியது: ‘இரகசிய முகாமில் உயிரோடு இருக்கிறார்கள்’ என்று சிவப்பு எழுத்தில் தலைப்புப் போட்ட காணொளிகள். அப்படி ஒன்றைச் சித்தி ஆறு தரம் பார்த்திருந்தார். நானும் இருந்து முழுவதையும் பார்த்தேன். அதில் ஒரு பெயர் இல்லை, ஓர் இடம் இல்லை, ஒரு திகதி இல்லை. பதினொரு நிமிடமும் ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் இரண்டு விளம்பரம். அந்த விளம்பரக் காசில் ஒரு பங்கு அவருக்குப் போகும். பிள்ளையைத் தேடும் தாய்மாரின் நேரத்தை விற்று உழைக்கிறார்கள் என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பது உடம்பையும் மனதையும் என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஆய்வுகள் உண்டு. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மரதன் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் ஹோல்மன், றொக்ஸான் கோஹன் சில்வர் ஆகியோர் 4,675 பேரை அடுத்த சில வாரங்களில் ஆராய்ந்தார்கள். வெடிப்புக்குப் பிந்திய வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஊடகங்களில் அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள், வெடிப்பு நடந்த இடத்தில் நின்றவர்களைவிடக் கூடுதலான கடும் மனவழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். ஏற்கெனவே மனம் குழம்பியவர்கள்தானே கூடுதலாகப் பார்ப்பார்கள்? அதே குழுவினர் பிறகு மூன்று வருடம் ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றார்கள். பார்த்தால் மனம் குழம்புகிறது, குழம்பிய மனம் அடுத்த சம்பவத்தின்போது இன்னும் கூடுதலாகப் பார்க்க வைக்கிறது. இது ஒரு வட்டம்.

அங்கே பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில் இல்லாதவர்கள். எங்களுக்கோ பார்க்கும் காட்சி எங்களுடைய காட்சி. அந்தத் தறப்பாள் கொட்டிலைக் காணும்போது எனக்கு அதன் மணம் வருகிறது. சித்திக்கு அன்றிரவு நித்திரை வராது, அடுத்த நாள் நெஞ்சு படபடக்கிறது என்பார், கிளினிக்கில் பிறஷர் கூட என்று சொல்வார்கள். போன் பார்த்ததை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1998இல் வந்த அவருடைய நூல் காயப்பட்ட மனங்களைப் பற்றியது, 2014இல் வந்தது காயப்பட்ட சமூகங்களைப் பற்றியது. போர் தனியொருவரின் மனத்தோடு நிற்காமல், குடும்பத்தையும் ஊரையும் அயலவர் மீதிருந்த நம்பிக்கையையும் உடைக்கிறது என்பது அவருடைய எழுத்துகளின் மையம். ஆற்றுப்படுத்துவதிலும் சடங்குகளுக்கும் கூடியிருத்தலுக்கும் அவர் பெரிய இடம் கொடுத்தார். போனை இதோடு வைத்துப் பாருங்கள். அது ஆளுக்கொன்று. காதில் மாட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் எதைப் பார்த்து அழுகிறீர்கள் என்றுகூடத் தெரியாது. எல்லோருக்கும் சேர்ந்து வந்த காயத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே கிளறுவதற்கு இதைவிட வசதியான கருவி கிடையாது.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது. எறியவும் கூடாது.

எங்கள் துக்கம் போனுக்குள் போனதற்கு நாங்கள் மட்டும் காரணம் இல்லை. வீதியில் துக்கம் அனுட்டிக்க விடாதபோது ஆட்கள் எங்கே போவார்கள்? 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் திரும்பக் கட்டப்பட்டது. சம்பூர்ப் பெண்கள் காய்ச்சியது கஞ்சி. அதற்கே பொலிஸ் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு ‘திரையை விட்டு நிஜ உலகத்துக்கு வாருங்கள்’ என்று சொல்வது சுலபமான பேச்சு. திரையும் சுதந்திரமான இடமாக இருக்கவில்லை. நினைவேந்தல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் பிடிக்கப்பட்டிருக்கிறார்கள், பேஸ்புக் நிறுவனமும் தன் பங்குக்கு எங்களுடைய பதிவுகளை அழித்திருக்கிறது. 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று, சாட்சியம். இறுதிப் போரில் நடந்தவற்றை உலகம் நம்பியதற்குக் கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்ட காணொளிகள் ஒரு முக்கிய காரணம். சனல் 4 அதில் ஒன்றை 2009 ஓகஸ்டில் ஒளிபரப்பியது. செம்மணியில் 2025இல் எலும்புக்கூடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது அந்தச் செய்தி எங்களுக்கு வந்ததும் போனில்தான். மூன்றாவது காரணம் குடும்பம். ஒரு பிள்ளை பிரான்ஸில், ஒரு சகோதரம் கனடாவில், அம்மா விசுவமடுவில். இந்தக் குடும்பத்திடம் வட்ஸ்அப்பை நிறுத்து என்று சொன்னால் அது குடும்பத்தை நிறுத்து என்று சொல்வதற்குச் சமன்.

குறைத்துப் பார்த்த வேறு நாட்டவரின் அனுபவமும் இரண்டு பக்கம் காட்டுகிறது. 2018இல் அமெரிக்காவில் ஹன்ட் அல்கொட், மத்தியூ ஜென்ஸ்கோ முதலிய பொருளியலாளர்கள், ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் பேஸ்புக்கை மூட வைத்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருந்த நேரம் கூடியது, தனியே ரி.வி. பார்த்த நேரமும் கூடியது. மனநிலை கொஞ்சம் நன்றாகியது, அரசியல் முறுகல் குறைந்தது, நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது.

எங்களுக்கு இதைவிட முக்கியமான ஆய்வு பொஸ்னியாவில் நடந்தது. அங்கே ஸ்ரெப்ரெனிகாவில் 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு ஜூலை 11ஆம் திகதியும் நினைவேந்தல், ஒவ்வொரு வருடமும் இணையத்தில் மறுப்பும் வசையும். எங்கள் மே மாதத்தை அப்படியே தெரிகிறது. நேய்ஜ்லா அசிமோவிச்சும் நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2019இல் அந்த நினைவேந்தல் வாரத்தில் ஒரு பகுதியினரைப் பேஸ்புக்கை மூடச் சொன்னார்கள். மற்ற இனத்தவர் மீதான வெறுப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது எதிர்மாறு. மூடியவர்கள், மூடாமல் இருந்தவர்களைவிட, மற்ற இனத்தவரைக் குறைவாக மதித்தார்கள். குறிப்பாகத் தம் இனத்தவர் மட்டுமே சுற்றியுள்ள ஊர்களில் இருந்தவர்கள். இணையத்தை விட்டு வெளியே வந்தபோது அவர்களைச் சுற்றி இருந்ததும் தங்களுடைய ஆட்களின் கதை மட்டும்தான்.

இதை வாசித்துவிட்டு எங்கள் ஊரை யோசித்தேன். விசுவமடுவில் ஒரு சாதாரண தமிழர் நேரே காணக்கூடிய சிங்களவர் யார்? பெரும்பாலும் சீருடையில் இருப்பவர். தெற்கில் 1980களின் இறுதியில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் இருக்கிறார்கள் என்பதோ, 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள் என்பதோ சித்திக்குப் போன் வழியாகத்தான் தெரிந்தது. ஆகவே நேரத்தைக் குறைப்பதோடு விடயம் முடிந்துவிடாது. போனை வைத்துவிட்டு எங்கே போகிறோம், யாரிடம் போகிறோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். பெரிய விரதம் ஒன்றும் எடுக்கவில்லை. ஆட்களோடு கதைப்பதையும், தானாக வந்து கொட்டுவதையும் பிரித்தேன். முதலாவதைத் தொடவில்லை. வட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தானாகத் தரவிறங்கும் அமைப்பை நிறுத்தினேன். இது ஒரு சின்ன வேலை, ஆனால் பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் சடலங்கள் வந்து சேர்வது அன்றோடு நின்றது. பேஸ்புக்கில் காணொளி தானாக ஓடுவதை நிறுத்தினேன். அதில் ‘நினைவுகள்’ என்ற பகுதி ஒன்று உண்டு, பழைய படங்களைத் திடீரென்று கொண்டுவந்து காட்டும். அதில் குறிப்பிட்ட திகதிகளையும் ஆட்களையும் மறைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நான் ஜனவரி முதல் மே வரை மறைத்துவிட்டேன். சித்தியின் யூரியூப்பில் பார்வை வரலாற்றை அழித்து நிறுத்தினோம். அதை நிறுத்தினால் முகப்பில் பரிந்துரைகள் வருவதில்லை. திறந்தால் வெறுமை. முதல் நாள் சித்தி “போன் பழுதாப் போச்சுது பிள்ளை” என்றார்.

பிழையும் விட்டேன். ஊர்க் குழுக்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊமையாக்கியதில், ரொறொன்ரோவில் பெரியப்பா செத்த செய்தி இரண்டு நாள் பிந்தித் தெரிந்தது. மரணச்சடங்கின் நேரலை முடிந்துவிட்டது. பெரியம்மாவிடம் என்ன காரணம் சொல்வது? மனநலத்துக்காகப் போனைக் குறைத்தேன் என்றா? இப்போது சொந்தக்காரரின் குழுவுக்கு மட்டும் சத்தம் இருக்கிறது.

மிச்சமான நேரம் முதலில் தலைவேதனையாக இருந்தது. கை தானாகப் பொக்கற்றுக்குப் போகும். காலையில் சனசமூக நிலையத்துக்குப் போய்ப் பேப்பர் பார்க்கத் தொடங்கினேன். நான்கைந்து ஐயாமார் வருவார்கள். ஒருவர் கண் தெரியாதவருக்காக வாசிப்பார், நடுவில் நிறுத்தி அமைச்சரை ஏசுவார். கடைசிப் பக்கம் மரண அறிவித்தல். அதைப் பார்த்து, தெரிந்த ஆளா என்று ஊர்பேர் விசாரித்து முடித்தால் பேப்பர் முடிந்தது. என் வயதில் ஒருவரையும் அங்கே கண்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் சொன்னேன் என்பதற்காக வாசிகசாலைகள் நிரம்பப்போவதில்லை.

2025 மே மாதம் சமூக ஊடகத் தொகுப்பு வேலையை ஏற்கவில்லை. வருமானத்தில் விழுந்தது விழுந்ததுதான். அந்த வாரத்தில் ஒரு காலை சந்தியில் கஞ்சி காய்ச்சினார்கள். போய் நின்றேன், அகப்பையைத் தந்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. ஒரு கிடாரம் கஞ்சி காய்ச்சுவது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்றுதான் தெரியும். புகை கண்ணுக்குள் வரும், கை ஓயக்கூடாது, அடிப்பிடித்தால் எல்லோரும் ஏசுவார்கள். அந்த மூன்று மணித்தியாலத்தில் போரைப் பற்றிக் கதைத்தது கொஞ்சம்தான். ஒருவரின் மகளுடைய ஓ.எல். முடிவு, மாட்டுக்கு வந்த வருத்தம், யாரோ தராமல் விட்ட சீட்டுக்காசு. சித்தியைவிட வயது கூடிய ஓர் அம்மா சிரட்டையைக் கையில் வாங்கியதும் ஒரு நிமிடம் குடிக்காமல் நின்றார். பக்கத்தில் நின்றவர் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சிவில் உடையில் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து எங்களைப் போனில் படம் எடுத்தார். அவருக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கும் அழுதேன். ஆனால் அன்றிரவு நித்திரை வந்தது.

சித்தியின் விடயம் அப்படி இல்லை. தேடாதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அரசாங்கம் தேடித் தரவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அவர் போகாத கூட்டம் குறைவு. அங்கேயும் விடை கிடைக்கவில்லை. யூரியூப்பில் தேடுவது அவருக்கு ஒரு தாய் செய்யவேண்டிய வேலை. அதை நான் ‘போன் பழக்கம்’ என்று பெயர் சொல்லி நிறுத்த முடியாது.

ஆகவே தேடுவதை ஒழுங்குபடுத்தினோம். 2024 ஜூலையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அவரும் என்னுடைய மடிக்கணினியில் பார்ப்பது. திரை பெரிது, முகம் தெளிவு. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். பார்த்த காணொளியின் பெயர், யார் போட்டது, எத்தனையாவது நிமிடத்தில் என்ன இடம், பார்த்து முடித்த திகதி எல்லாம் கொப்பியில் எழுதுவது. எழுதியதைத் திரும்பப் பார்ப்பதில்லை. யாராவது தெரிந்த முகம் வந்தால் அந்த நிமிடத்தைக் குறித்து, காணொளியின் பிரதி ஒன்றையும் சேமித்து வைப்போம். இணையத்தில் இன்றைக்கு இருப்பது நாளைக்கு அழிக்கப்படலாம். ‘இரகசிய முகாம்’ வகைக் காணொளிகளுக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் தனி இடம். ‘இடம் சொன்னானா, திகதி சொன்னானா, பெயர் சொன்னானா’ என்று மூன்று கோடு போட்டிருக்கிறோம். மூன்றும் வெறுமையாக இருந்தால் சித்தியே “இவன் பொய்க்காரன்” என்று எழுதச் சொல்வார்.

இதுவரை இரண்டு அயலவரின் முகங்களைக் கண்டிருக்கிறோம். இருவரும் உயிரோடு ஊரில் இருப்பவர்கள். அதில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். தன்னையே பதினைந்து வருடத்துக்கு முந்திய கோலத்தில் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, இரண்டு மணித்தியாலம் சித்தியோடு கதைத்துவிட்டுப் போனார். தம்பி ஏறிய பஸ்ஸைத் தானும் கண்டதாகச் சொன்னார். இத்தனை காலமும் நாலு வீடு தள்ளி இருந்தவர்.

கிழமை நாட்களில் சித்தி பார்ப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். நித்திரை வராத இரவுகளில் அறைக்குள் வெளிச்சம் தெரியும். நான் கேட்பதில்லை. பகலில் மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி விடுகிறார், பிரான்ஸிலிருக்கும் மகளோடு வீடியோவில் கதைக்கும்போது அந்தக் கண்டுகளைக் காட்டுகிறார். முதலாவது கொப்பி முடிந்துவிட்டது. போன ஞாயிறு பார்க்க இருந்தது நாற்பத்துமூன்று நிமிடக் காணொளி. பாதியில் கரண்ட் போய்விட்டது. இருபத்தோராவது நிமிடம் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்.